அம்மா அவளிடம் சொன்னது

எங்கள் வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். தாராவியிலிருந்து லேபர் கேம்ப் வழியாக நடந்து, ரயில் பாலம் ஏறி இறங்கி வருகிறவள். இன்னொருத்தி மாட்டுங்காவிலேயே, கல்லூரிக்கு நாலு தெரு தள்ளி இருந்தவள். எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம். நாங்கள் பி.ஏ. முதல் ஆண்டு. எங்கள் கல்லூரியில் அப்போதுதான் மாஸ் கம்யூனிகேஷன் என்று ஒரு பாடத்தைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். பத்திரிகை, ரேடியோ, டி.வி., விளம்பரம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லிக் கொடுப்பார்கள்.

நான் அதில் சேர்ந்தது டி.வி.யில் செய்தி வாசிக்கிற ஆசையில். அப்பாவிடம் சொன்னபோது தோலை வெட்டிக்கொண்டே, "எழுதிக் குடுத்தத வாசிக்கதுக்கு மூணு வருசம் படிக்கணுமாட்டி?" என்று கேட்டார். ஆனாலும் சேர்த்துவிட்டார். வீட்டின் முன்பாதியில் மூன்று மெஷின் போட்டு, தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார் அவர். பின்பாதியில் சமையல். மேலே பரணில் நான், என் புத்தகங்கள், தைத்து முடித்த பைகள்.

முதல் வாரத்திலேயே எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. முதல் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீயும் தமிழா? அப்பாடா!" என்று சொன்னவள் அவள்தான். ஆனால் பேராசிரியை ஒரு கேள்வி கேட்டால், பதில் எனக்குத் தெரிந்திருக்கும். அதை மனதில் தமிழில் சொல்லி, இங்கிலீஷுக்கு மாற்றி, வினைச்சொல் சரியா என்று பார்த்து, வாயைத் திறப்பதற்குள் அவள் பேசி முடித்திருப்பாள். தெரியாத கேள்வி வந்தால், "ஐ டோன்ட் நோ, மேடம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. தெரியாது என்பதைக்கூடக் கூச்சமில்லாமல் சொல்ல அவளால் முடிந்தது. எனக்கோ தெரிந்ததைச் சொல்லவே கூச்சம்.

பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். அவளுக்குத் தமிழ் எழுத வராது. கோவில் நோட்டீஸைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அந்த ஒன்றில் நான் அவளைவிட மேல் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஆனால் அந்த வகுப்பில் தமிழ் யாருக்கு வேண்டும்?

ஒரு நாள் என்னை வற்புறுத்தித் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். மூன்றாவது மாடி. உள்ளே நுழைந்ததும் ஒரு அலமாரி நிறையப் புத்தகம், அதன்மேல் டெலிபோன். அவளுடைய அம்மா தோசை வார்த்துப் போட்டார். அப்பா ஃபோர்ட் ஏரியாவில் ஒரு ஆபீஸில் பெரிய வேலையில் இருந்தார். அன்று சீக்கிரம் வந்துவிட்டவர், கைகால் கழுவிவிட்டு எங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தார். "சரி, இன்னிக்கு க்ளாஸ்ல என்ன நடந்தது, சொல்லு" என்று அவளைக் கேட்டார்.

அவள் சொன்னாள். அவர் குறுக்குக் கேள்வி கேட்டார். இரண்டு பேரும் ஏதோ விளம்பரத்தைப் பற்றி வாதாடினார்கள். உள்ளேயிருந்து அவளுடைய அம்மாவும் கரண்டியோடு வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தோசை இறங்கவில்லை. புத்தகத்தையும் டெலிபோனையும் பார்த்தபோது வராத எரிச்சல் அப்போது வந்தது. தினமும் சாயங்காலம் ஒருத்தர் உட்கார்ந்து அவளைக் கேட்கிறார். எங்கள் வீட்டில் என்னைப் பார்த்து, 'காலேஜ்ல என்ன நடந்தது' என்று ஒருவரும் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டாலும் மெஷின் சத்தத்தில் நான் என்ன சொல்வது?

"உன் ஆத்துக்கு என்னை எப்போ கூட்டிண்டு போவே?" என்று வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டாள்.

"பாப்போம்" என்றேன். கூட்டிப்போகிற எண்ணம் எனக்குச் சுத்தமாக இல்லை.

ஆனால் இரண்டாவது டெர்மில் பேராசிரியை ஒரு வேலை கொடுத்தார். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, பத்து நிமிட ஒலி நிகழ்ச்சி ஒன்று தயாரிக்க வேண்டும். ஒரு பகுதியில் வாழும் மக்களுக்கு ஒரு சேதி எப்படி வந்து சேருகிறது என்பது தலைப்பு. யார் யாரோடு என்று அவரே சொல்லிவிட்டார். "யூ டூ ஸ்பீக் த சேம் லேங்வேஜ்" என்று எங்கள் இருவரையும் சேர்த்துவிட்டார்.

அவள் துள்ளினாள். "தாராவிதான்! வேற எங்க போறது? எங்க பில்டிங்ல எல்லாரும் பேப்பர் படிக்கறா, போன் பேசறா, அதுல என்ன இருக்கு?"

எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அங்கே நான்தான் எல்லாம் தெரிந்தவள். எந்தச் சந்தில் திரும்ப வேண்டும், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவள் என்னைத்தான் கேட்க வேண்டும். ஒரு நாளாவது அவள் என் பின்னால் நடந்து வரட்டும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தாள். செம்பூரில் இருந்த அவளுடைய மாமா கொடுத்த கேசட் ரெக்கார்டர் தோளில் தொங்கியது. நான் நினைத்தபடியே என் பின்னால்தான் நடந்தாள். சாக்கடைப் பலகையைத் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதோடு என் சந்தோஷம் முடிந்தது.

குழாயடிப் பெண்களிடம் நான் மைக்கை நீட்டினேன். "ஏட்டி, இது என்னது? ஒனக்கு வேற வேல இல்லையா? போயி அம்மைக்குக் கூடமாட ஒத்தாசை செய்யி" என்று விரட்டினார்கள். பிறந்ததிலிருந்து என்னைப் பார்க்கிறவர்கள். அவள் மைக்கைக்கூட நீட்டவில்லை. ஒரு குடத்தை எடுத்து வரிசையில் நகர்த்தி வைத்துவிட்டு, "தண்ணி எத்தனை மணிக்கு வரும்னு உங்களுக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு பக்கம் பேச ஆரம்பித்தார்கள். எந்த வீட்டுக்காரி முதலில் குழாயைத் திறந்து பார்ப்பாள், எவள் வேண்டுமென்றே சொல்லாமல் இருப்பாள், எவளுடைய பிள்ளை சந்து முழுக்கக் கத்திக்கொண்டு ஓடும். எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்கள். தெரிந்த விஷயத்தை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு வீட்டுக்கு வந்தோம். ஞாயிறு என்பதால் மெஷின்கள் ஓடவில்லை. அப்பா மாஹிமுக்குத் தோல் பார்க்கப் போயிருந்தார். அம்மா பின்பக்கம் உட்கார்ந்து, பை லைனிங்கில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வணக்கம் மாமி" என்றாள் அவள்.

அம்மா சிரித்துவிட்டாள். "மாமியா? எம்பிள்ளையோட படிக்கே. அம்மான்னே சொல்லு, மக்கா."

"சரிம்மா" என்று அவள் உடனே தரையில் உட்கார்ந்து, ஒரு கத்தரியையும் எடுத்துக்கொண்டாள்.

எங்கள் சந்திலேயே டெலிபோன் வைத்திருந்தவர் ஒருவர்தான். காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம் பெரியவர், சூட்கேஸ் பட்டறை வைத்திருந்தார். ஊரிலிருந்து யாருக்குப் போன் வந்தாலும் அவர் கடைக்குத்தான் வரும். அவரிடம் பேட்டி எடுக்கலாமா என்று கேட்டு வர நான் போனேன். தொழுகைக்குப் போயிருந்தார். காத்திருந்து, விஷயத்தைச் சொல்லி, அவர் சம்மதித்து, நான் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

வந்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்பில் டீ வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகம் கழுவி விட்டதுபோல் தெளிவாக இருந்தது.

"என்ன ஆச்சு?"

"அம்மா ஒண்ணு சொன்னா. ரெக்கார்ட் ஆயிருக்கு. நீயே கேளு, நான் சொன்னா கெட்டுடும்" என்றாள்.

பேசியதையெல்லாம் தமிழில் எழுதுவது என் வேலை. பிறகு நான் வாசிக்க வாசிக்க, அவள் இங்கிலீஷில் டைப் அடிப்பாள் என்று பேச்சு. அதனால் அன்று பெரியவரின் பேட்டியையும் எடுத்து முடித்ததும், ரெக்கார்டரை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறு மத்தியானம் அம்மா ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தபோது, பரணில் உட்கார்ந்து கேசட்டை ஓடவிட்டேன்.

முதலில் கத்தரிச் சத்தம். பிறகு அம்மாவின் குரல். என்னோடு பேசும் குரல் இல்லை அது. அவசரமில்லாமல் இருந்தது.

"நான் கல்யாணமாகி இங்க வந்து நாலு மாசம். ஒரு வார்த்த இந்தி தெரியாது. ஒரு நா காலையில தந்திக்காரன் வந்தான். எங்கிட்ட ஒரு காயிதத்தக் குடுத்து, கைநாட்டு வாங்கிட்டுப் போயிட்டான். தந்தின்னா சாவுதான, மக்கா? வேற எதுக்கு வரும்? எங்கம்மை அப்ப சொகமில்லாமக் கெடந்தா. எனக்கு வேற ஒண்ணுமே தோணல. காயிதத்த மடியில வச்சுக்கிட்டு அழுதேன். பக்கத்துல உள்ளவ எல்லாம் வந்துட்டாவ. ஒருத்திக்கும் வாசிக்கத் தெரியாது. எல்லாரும் கூட ஒக்காந்து அழுதாவ. எங்கம்மைய அதுல ஒருத்தி பாத்தது கிடையாது. ஆனாலும் என்னக் கெட்டிப்புடிச்சு அழுதாவ. தலைக்குத் தண்ணி ஊத்தி விட்டாவ. சாயந்தரம் இவ அப்பா வேல முடிஞ்சு வந்தாவ. இங்கிலீசு தெரிஞ்ச மருந்துக்கடைக்காரங்கிட்ட கொண்டுபோயி வாசிக்கச் சொல்லிக் கேட்டா, எங்க அண்ணனுக்கு ஆம்பளப் பிள்ள பொறந்துருக்கு!"

இந்த இடத்தில் கேசட்டில் இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம். நானும் பரணில் தனியாகச் சிரித்தேன்.

"எல்லாரும் சிரிச்சாவ. சீனி வாங்கிக் குடுத்தோம். ஆனா பாத்துக்கோ, அதுக்குப் பொறவு ஒம்பது மாசம் கழிச்சு எங்கம்ம நெசமாவே செத்துப்போனா. கடுதாசி வந்துது. வந்து சேரதுக்குள்ள பதினாறும் முடிஞ்சு போச்சு. எனக்கு அழுகையே வரல. ஒரு சொட்டு வரல. பக்கத்துல உள்ளவ கூட, என்ன இவ கல்லு மாதிரி இருக்கான்னு பேசினாவ. நான் என்ன செய்ய? எங்கம்மைக்கு அழ வேண்டியதெல்லாம் முன்னாலயே அழுது முடிச்சுட்டேன். பொய்த் தந்திக்கு அழுதாச்சு."

மறுபடியும் கத்தரிச் சத்தம். பிறகு அவள் மெதுவாக, "இதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கேளாம்மா?" என்று கேட்டாள்.

"யாரு கேட்டா? அன்னைக்கே நெனச்சேன், பொண்ணு பொறந்தா படிக்க வைக்கணும்னு. வச்சாச்சு. எம்மவ நல்லாத்தான் படிக்கா. ஆனா வந்ததும் பரணுல ஏறிருவா. எங்கிட்ட இப்பிடி ஒக்காந்து ஒரு வார்த்த பேச மாட்டா. நீ நல்லாக் கேக்கே, மக்கா. ஒன்ன மாதிரி ஒருத்தி வீட்டுல இருந்தா…"

அதற்குமேல் கேட்கவில்லை. கேசட்டை நிறுத்தினேன். பத்தொன்பது வருடம் அந்த வீட்டில் இருந்தவள் நான். அந்தத் தந்தியைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஒரு காலைப் பொழுது வந்து உட்கார்ந்தவளுக்கு அது முழுதாகக் கிடைத்துவிட்டது. அவளுக்கு அப்பா இருக்கிறார், சாயங்காலம் கேட்பதற்கு. அலமாரி இருக்கிறது, இங்கிலீஷ் இருக்கிறது. போதாதென்று என் அம்மாவும் வேண்டுமா? அவளைப் போல் ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டுமாம்.

கேசட்டைப் பின்னால் சுற்றினேன். கத்தரிச் சத்தம் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, பதிவு செய்கிற சிவப்புப் பட்டனையும் அதன் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அழுத்தினேன். இரண்டும் ஒன்றாக உள்ளே போயின. சின்னச் சக்கரங்கள் சுற்றின. மைக்கின் மேல் ஒரு தலையணையை வைத்துவிட்டு, மூச்சுச் சத்தம்கூடக் கேட்காத தூரத்தில் போய் உட்கார்ந்தேன். பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. எந்த நிமிடத்திலும் எழுந்துபோய் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

மறுநாள் அவளிடம், "டேப் சிக்கிருச்சு. அம்மா பேசினது மட்டும் போயிருச்சு. மத்ததெல்லாம் இருக்கு" என்றேன்.

ரெக்கார்டரை வாங்கி, அந்த இடத்தை ஓடவிட்டுக் கேட்டாள். வெறும் இரைச்சல். என்னை ஒரு தடவை பார்த்தாள். "பரவாயில்ல. எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள்.

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

வகுப்பில் எங்கள் முறை வந்தது. குழாயடிப் பெண்களின் குரல் ஓடியது. எல்லோரும் சிரித்தார்கள். சூட்கேஸ் பட்டறைப் பெரியவர், கெட்ட சேதியை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று சொன்னார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நான் இரண்டு வரி இங்கிலீஷில் வாசித்தேன். பிறகு அவள் ரெக்கார்டரை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். "இங்கே ஒரு அம்மாவின் குரல் வர வேண்டும். அது போய்விட்டது. அவர் சொன்னதை நான் சொல்கிறேன்" என்று ஆரம்பித்தாள்.

கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. தந்தி, மடி, தலைக்குத் தண்ணீர், சீனி, எல்லாவற்றையும் சொன்னாள். கல்லு மாதிரி என்று வருகிற இடத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகு இங்கிலீஷில் சொன்னாள். முன் பெஞ்சில் ஒரு குஜராத்திப் பெண் அழுதுவிட்டாள். பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கடைசியில் அம்மா என்னைப் பற்றிச் சொன்னதை மட்டும் அவள் சொல்லவில்லை. அதை விட்டுவிட்டாள்.

"இட் இஸ் யுவர் மதர், இஸின்ட் இட்? நீ ஏதாவது சேர்க்க வேண்டுமா?" என்று பேராசிரியை என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நோ, மேடம்" என்றேன்.

அந்தக் குரலை நான் அழிக்காமல் இருந்திருந்தால், அன்று அந்த அறையில் என் அம்மா பேசியிருப்பாள். அழித்ததால் இவள் பேசினாள். என் பொறாமையால் அவளுக்கு இன்னும் ஒன்று கூடுதலாகக் கிடைத்ததுதான் மிச்சம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் பின்னாளில் ஒரு கல்லூரியில் இதே பாடத்தை எடுக்கப் போனாள். பல வருடம் கழித்து, எங்கள் சந்திலிருந்து அங்கே படிக்கப்போன ஒரு பெண் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, எங்க மேடம் முதல் க்ளாஸ்ல ஒரு தந்திக் கதை சொன்னாங்க, எல்லாரும் அழுதுட்டோம், சொல்லவா?" என்று கேட்டாள். சொல்லு என்றேன். அந்தப் பெண் சொல்லி முடிக்கும் வரை, அது என் அம்மா என்று நான் சொல்லவில்லை. அப்போது எனக்கு நாற்பது வயதுக்கு மேல். பழைய இடத்திலேயே சுருக்கென்று குத்தியது.

வகுப்பு முடிந்த அன்றைக்கு வருகிறேன். வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாள். "எங்குரலு எல்லாரும் கேட்டாவளா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னாவ?"

"நல்லாருக்குன்னு சொன்னாங்க."

அம்மா வெட்கப்பட்டாள். "அந்தப் பொட்டிய ஒரு நா வாங்கிட்டு வாட்டி. எங்குரலு எப்பிடி இருக்குன்னு நானும் கேக்கேன்."

மறுநாளும் கேட்டாள். அதற்கடுத்த நாள், ரெக்கார்டர் ரிப்பேர் என்றேன். பிறகு இன்னொரு பொய்யை யோசிக்கும் சிரமத்துக்குப் பயந்தே, லைனிங் வெட்டுகிற நேரத்தில் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எம்மா, அந்தத் தந்திக் கதைய எங்கிட்ட ஒருக்க சொல்லேன்" என்று கேட்டுப் பார்த்தேன். சரி என்றால் ரெக்கார்டரை இரவல் வாங்கி மறுபடியும் பதிவு செய்துவிடலாம் என்று ஒரு கணக்கு.

"அதான் சொல்லியாச்சுல்லா. நீதான் டேப்புல கேட்டிருப்பியே" என்று சொல்லிவிட்டு நூலைக் கடித்தாள்.

கல்லூரியில் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். மாட்டுங்கா ரயில் பாலத்தில் ஒரு மத்தியானம் என்னை நிறுத்தினாள். "டேப் சிக்கினா சத்தம் கோணலா இழுத்துண்டு வரும். அங்கங்க விட்டுப்போகும். சிக்கின டேப் சரியா ஒருத்தர் பேசின இடத்துல மட்டும் சுத்தமா அழியாது. எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள்.

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ சொல்வேன்னு பார்த்தேன்."

"ஒனக்கு எல்லாம் இருக்கு. கேட்டதெல்லாம் கிடைக்குது. எங்க வீட்டுக்கு வந்து எதுக்கு…" என்று ஆரம்பித்தேன். எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. கீழே ஒரு லோக்கல் ரயில் போயிற்று.

அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். "என்மேல கோபம்னா என் நோட்டைக் கிழிச்சிருக்கலாம். என் ரெக்கார்டரை உடைச்சிருக்கலாம். அவா குரலை எதுக்கு அழிச்சே? அது உன்னோடதும் இல்ல, என்னோடதும் இல்ல. நீயே அம்மாகிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு வேகமாகப் படியிறங்கிப் போய்விட்டாள். அவள் இவ்வளவு சரியாகப் பேசியதுகூட எனக்குப் பொறுக்கவில்லை. வழி முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் வீட்டு வாசலுக்கு வந்தபோது, திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்துபோயிருந்தது.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். முன்னால் மூன்று மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. "எம்மா, அந்த டேப்ப நான்தான் அழிச்சேன்" என்றேன். சத்தத்தில் கேட்கவில்லை. "என்னது?" என்றாள். இன்னும் உரக்கச் சொன்னேன். அப்பாவுக்கும் கேட்டிருக்கும். ஒரு மெஷின் நின்று, பிறகு ஓடியது.

"எதுக்கு அழிச்சே?"

"எங்கிட்ட சொல்லாம அவகிட்ட சொன்னியே, அதுக்கு."

அம்மா களைந்த தண்ணீரைக் கொட்டினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். "அவ கேட்டாட்டி. நீ ஒரு நாளாவது கேட்டியா?"

இரண்டு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை. அப்பா நடுவில் வந்து, "பொட்டிதான, போகுது விடு" என்று சொல்லிப் பார்த்தார். "பொட்டி இல்ல" என்று மட்டும் அவருக்குப் பதில் வந்தது.

மூன்றாம் நாள் நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது, "அந்தப் பிள்ளைய ஞாயித்துக்கெழம வரச் சொல்லு. பொட்டி ஒண்ணும் வேண்டாம், சும்மா வரட்டும்" என்றாள்.

இதைவிட அம்மா என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம். அவளைத் தேடிப் போய், அவள் முகத்தைப் பார்க்காமல், "அம்மா கூப்பிட்டா" என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. "சொல்லிட்டியா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். "சரி, வரேன்" என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த நிகழ்ச்சிக்கு எங்கள் இருவருக்கும் ஒரே மதிப்பெண்தான் போட்டார்கள், வகுப்பிலேயே அதிகம். அறிவிப்புப் பலகையில் என் எண்ணும் அவளுடைய எண்ணும் அடுத்தடுத்து இருந்ததைப் பார்த்துவிட்டுக் கூட்டத்திலிருந்து நகர்ந்துவிட்டேன். டி.வி.யில் நான் செய்தி வாசிக்கவில்லை. ஒரு விளம்பரக் கம்பெனியில், சோப்புக்கும் டீத்தூளுக்கும் தமிழில் எழுதுகிற வேலைக்குப் போனேன். நாங்கள் நல்ல சிநேகிதிகளும் ஆகவில்லை. பேசிக்கொள்வோம், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். அம்மா அவளுக்குத் தனியாக மெத்தென்று ஒரு பை மடித்துப் போட்டு, அதன்மேல் உட்கார வைத்தாள். நான் வழக்கம்போல் பரணில் ஏறிவிட்டேன். கீழே இரண்டு பேரும் பேசுவது கேட்டது. சிரிப்புச் சத்தம் வந்தது. புத்தகத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். இறங்கிப்போனால் தோற்றுவிட்டதாக ஆகும் என்று தோன்றியது. இறங்காவிட்டால் அம்மா சொல்லும் இதுவும் எனக்குத் தெரியாமல் போகும்.

ஏணியில் இறங்கினேன். அவளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இடமில்லை. அம்மாவின் இந்தப் பக்கம் சுவரை ஒட்டி உட்கார்ந்து, ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டேன். அவள் என் பக்கம் லைனிங் துணியை ஒரு கட்டு நகர்த்திவிட்டாள். அம்மா என்னைப் பார்க்கவுமில்லை, பேச்சை நிறுத்தவுமில்லை. ரேஷன் கடை வரிசையில் யாரோ ஒரு மராத்திக்காரியும் அம்மாவும் மண்ணெண்ணெய் டின்னுக்காக, ஒருத்தி பாஷை இன்னொருத்திக்குத் தெரியாமலே அரை மணி நேரம் சண்டை போட்ட கதை அது. சிரிக்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அந்த மராத்திக்காரி மாதிரியே அம்மா இடுப்பில் கை வைத்துக் காட்டியபோது, முதலில் சிரித்தது நான்தான்.